மிதிக்காதீங்கப்பா, கால் பாவம்!

பொட்டி தட்டுற நமக்கெல்லாம் ஏத்தி இறக்குற நாற்காலி உண்டு. மணிக்கட்டு வலிச்சா அட்வைஸ் பண்ணி மெயில் அனுப்ப ஆள் உண்டு. ஆனா எங்க ஆனையூர் பக்கம் திருவிழாக் கச்சேரிக்கு வந்து பாருங்க மக்களே. ஸ்பீக்கர் பெட்டி ஆளுயரத்துக்கு, சீரியல் லைட்டு தெருக்கோடி வரைக்கும். டிரம்ஸ் வாசிக்கிற தம்பிக்கு மட்டும் பந்தல்காரர் போட்ட பிளாஸ்டிக் சேர்!

அந்தச் சேர் பின்பக்கம் சரிவா இருக்கும், உயரமும் கம்மி. முழங்கால் இடுப்புக்கு மேல போயிடும். ஒவ்வொரு அடிக்கும் தொடையையே தூக்கிப் போடணும். ரெண்டு மணி நேரம் இப்படி வாசிச்சா கெண்டைக்கால் கல்லாயிடும். இதுல ஓரத்துல நிக்கிற அண்ணன், "நல்லா மிதிடா, சவுண்டு பத்தல"ன்னு ஒரு சவுண்டு வேற. என்னோட சண்டையே இவங்ககூடத்தான்.

சவுண்டு பத்தலைன்னா பேஸ் டிரம்முக்கு முன்னாடி மைக் இருக்கு, மிக்சர்ல ஒருத்தர் உக்காந்திருக்கார். அவர்கிட்ட சொல்லுங்க சாமி! அவர் விரலால செய்யுற வேலையை இவன் முட்டியை அடகு வெச்சு ஏன் செய்யணும்?

சிகாகோவுல லுட்விக் சகோதரர்கள் 1909-லயே பெடலை வித்தாங்க. அதுல இருக்கறது ஒரு நெம்புகோலும் ஒரு ஸ்பிரிங்கும்தான். அடிச்சதும் பீட்டரைத் திருப்பிக் கொண்டுவர்றது ஸ்பிரிங்கோட வேலை. அழுத்தி, விட்டுடணும். அழுத்தியே வெச்சிருந்தா பீட்டர் தோல்ல ஒட்டி அதிர்வை அமுக்கிடும். அந்தக் கட்டையான சத்தம் வேணும்னு தெரிஞ்சே செஞ்சா தப்பில்லை. பழக்கதோஷத்துல செஞ்சா காலுக்கு ஓய்வே கிடையாது.

தவிலோ மிருதங்கமோ, எந்த வாத்தியாரும் முதல்ல சொல்றது "கையை லூசா விடு". காலுக்கு மட்டும் ஏன் வேற சட்டம்?

விஷயம் சிம்பிள். இடுப்பு முழங்காலை விடக் கொஞ்சம் உயரத்துல இருக்கணும். உடம்போட பாரம் ஸ்டூல்ல இருக்கணும், பாதத்துல இல்ல. மெதுவான பாட்டுக்குக் குதிகாலைப் பதிச்சு, கணுக்காலால மட்டும் அடிங்க. சத்தம் வேணும்னா குதிகாலை லேசாத் தூக்கி, காலோட சொந்த எடையை விழ விடுங்க. அடிக்கு அடி நடுவுல கால் தூங்குற குழந்தை மாதிரிக் கிடக்கணும். மெட்ரோனோம் 60-ல ஆரம்பிங்க. டிரம் நழுவுதுன்னா கீழ ஒரு ஜமக்காளம் விரிங்க. வலிச்சா நிறுத்துங்க. வலி பயிற்சிக்குக் கிடைச்ச மெடல் இல்ல.

"அந்தக் காலத்துல இதெல்லாம் பாத்தா வாசிச்சாங்க?"ன்னு ஒரு கோஷ்டி வரும். இளையராஜா பாட்டுகளுக்கு டிரம்ஸ் வாசிச்ச புருஷோத்தமன் (2020-ல மறைந்தார்) வாசிப்பைக் கேளுங்க. அதட்டல் இருக்காது, அளவு இருக்கும். நிலைச்சவங்களை மட்டும் எண்ணிட்டு, கால் போயி ஒதுங்கினவனை எண்ணாம விட்டா கணக்கு எப்படிங்க சரியா வரும்?

பி.கு: விழாக் கமிட்டி அண்ணன்களே, அடுத்த வருஷம் ரெண்டு டியூப்லைட்டைக் குறைச்சுட்டு ஒரு நல்ல ஸ்டூல் வாங்குங்க. அம்மன் கோவிச்சுக்க மாட்டா :-)