ஒரு வீட்டுக்கு எத்தனை சிம் தேவை?

“கொல்லிமலை, வளப்பூர் நாட்டில் மிளகு, காபி, சாமை விவசாயம் செய்துவருகிறோம். வீட்டில் மூன்று பேர். ஒன்றில் சிக்னல் இல்லாவிட்டால் இன்னொன்றில் கிடைக்கும் என்று வாங்கி வாங்கி, இப்போது ஐந்து சிம் சேர்ந்துவிட்டது. வீட்டுக்குள் ஒன்றுகூட ஒழுங்காகப் பேசவில்லை. மேட்டுக்குப் போய்த்தான் பேச வேண்டியிருக்கிறது. நாட்டில் 100 கோடிக்கும் மேல் செல்போன் இணைப்பு இருப்பதாகச் சொல்கிறார்கள். பிறகு எங்களுக்கு மட்டும் ஏன் இந்த நிலை? ஐந்துக்கும் ரீசார்ஜ் போட்டுக்கொண்டே இருக்க வேண்டுமா?”

- வாசகர் ஒருவர், வளப்பூர் நாடு, நாமக்கல் மாவட்டம்.

இந்தக் கேள்வியில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, நாட்டுக் கணக்கு. மற்றொன்று, வீட்டுக் கணக்கு. நாட்டுக் கணக்கைப் புரிந்துகொண்டால், வீட்டுக் கணக்கில் எதை வெட்டலாம் என்பது தெரிந்துவிடும்.

எண்ணுவது ஆளை அல்ல, சிம்மை!

தொலைபேசி இணைப்புகளின் கணக்கை வெளியிடுவது, ‘டிராய்’ எனப்படும் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். 2024 மார்ச் இறுதிக் கணக்குப்படி, நாட்டில் இருந்த மொத்த இணைப்புகள் சுமார் 119.9 கோடி. இதில் செல்போன் இணைப்புகள் 116.5 கோடி, லேண்ட்லைன் 3.4 கோடி.

இது இணைப்புகளின் எண்ணிக்கை. ஒருவர் இரண்டு சிம் வைத்திருந்தால், அது இரண்டு என்றுதான் பதிவாகும். அதனால்தான் நகரங்களில் 100 பேருக்குச் சுமார் 133 இணைப்புகள் என்று கணக்கு வருகிறது. கிராமங்களில் 100 பேருக்குச் சுமார் 59 மட்டுமே. அதிலும் ஒரே ஆளிடம் இரண்டு, மூன்று இருக்கும் வீடுகள் உண்டு. ஆக, வீட்டில் போனே இல்லாத கிராமத்துப் பெண்களும் முதியவர்களும் இந்த 100 கோடிக் கணக்குக்குள் தெரிவதில்லை. பதிவில் உள்ள செல்போன் இணைப்புகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்று பயன்பாட்டில் இல்லாமல் கிடப்பதும் டிராய் கணக்கிலேயே தெரிகிறது.

ஏறியதும் நின்றதும்

இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று பேசப்பட்டது. அப்போது போன் செய்பவருக்கும் காசு, எடுப்பவருக்கும் காசு. 2003-ம் ஆண்டில் ‘இன்கமிங்’ இலவசம் ஆன பிறகுதான், செல்போன் சாதாரண மக்களின் கைக்கு வந்தது. அடுத்து ‘லைஃப்டைம்’ சிம் வந்தது. 10 ரூபாய்க்கு டாப்-அப் செய்துவிட்டு, மாதக்கணக்கில் மிஸ்டு கால் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது.

செல்போன் ஏற ஏற, லேண்ட்லைன் இறங்கியது. 2006-ல் சுமார் 5 கோடியாக இருந்த லேண்ட்லைன் இணைப்புகள், 2020 வாக்கில் 2 கோடி அளவுக்குக் குறைந்தன. பிறகு, வீட்டுக்கு ஃபைபர் இன்டர்நெட் போடும்போது அதோடு ஒரு போன் இணைப்பும் சேர்ந்து வருவதால், அந்த எண்ணிக்கை மறுபடியும் ஏறத் தொடங்கியது.

கவனிக்க வேண்டிய மாற்றம் இதற்கு அடுத்துதான் இருக்கிறது. 2019 மார்ச் மாதம் செல்போன் இணைப்புகள் 116.2 கோடி. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2024 மார்ச்சில் 116.5 கோடி. ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதே ஐந்து ஆண்டுகளில், இன்டர்நெட் இணைப்புகள் 63.7 கோடியிலிருந்து 95.4 கோடியாக உயர்ந்துவிட்டன. அதாவது, நிறுவனங்களின் வளர்ச்சி புதிய ஆட்களுக்கு சிம் விற்பதில் இல்லை. ஏற்கெனவே சிம் வைத்திருப்பவரை டேட்டா பேக்குக்கு மாற்றுவதில் இருக்கிறது.

2018-ம் ஆண்டின் கடைசியில், சில நிறுவனங்கள் குறைந்தபட்ச ரீசார்ஜ் முறையைக் கொண்டுவந்தன. 28 நாளுக்கு ஒருமுறை பணம் போட்டால்தான் இன்கமிங் என்றானது. அப்போதே பலர் இரண்டாவது சிம்மைக் கைவிட்டனர். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தியபோதும் இதேதான் நடந்தது. நாடே சிம்மைக் குறைத்துக்கொண்டிருக்கும்போது, ஒரு மலைக் குடும்பம் ஐந்தைச் சுமக்க வேண்டிய அவசியம் இல்லை.

மலையில் ஏன் சிக்னல் இல்லை?

2024 ஏப்ரல் நிலவரப்படி, நாட்டில் உள்ள 6,44,131 கிராமங்களில் 6,12,952 கிராமங்களுக்கு 3ஜி அல்லது 4ஜி வசதி இருப்பதாக மத்திய அரசு கூறியிருக்கிறது. ஆனால், சமவெளியில் கிராமம் என்றால் தெருத்தெருவாக ஒரே இடத்தில் இருக்கும். கொல்லிமலையில் ஒரு ‘நாடு’ என்பது மேட்டிலும் பள்ளத்திலும் சிதறிக் கிடக்கும் பல சிற்றூர்களின் தொகுப்பு. ஓர் ஊரில் சிக்னல் கிடைத்தால், அடுத்த பள்ளத்தில் உள்ள ஊரிலும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

டவரிலிருந்து வரும் அலை, பெரும்பாலும் நேர்க்கோட்டில்தான் போகும். இடையில் ஒரு குன்று வந்தால் அதன் மறுபக்கம் நிழல் விழுந்ததுபோல் ஆகிவிடும். அடர்ந்த மரங்களும் அலையைக் குறைக்கும். மேட்டுக்குப் போனால் பேச முடிகிறது என்றால், போனிலோ சிம்மிலோ குறை இல்லை. வீடு நிழலில் இருக்கிறது என்று பொருள். அந்த நிழலில் எத்தனை சிம் வாங்கிப் போட்டாலும், டவர் இருக்கும் திசை மாறாத வரை பலன் இருக்காது.

எண்ணும் ஓர் ஆவணம்தான்

அப்படியானால் நாலு சிம்மைத் தூக்கி எறிந்துவிடலாமா? அவசரப்படக் கூடாது. பட்டா, ரேஷன் கார்டு போல இன்றைக்கு செல்போன் எண்ணும் ஓர் ஆவணம் ஆகிவிட்டது. ஆதார், வங்கிக் கணக்கு, பி.எம்.கிசான், சமையல் காஸ் என்று எல்லாவற்றுக்கும் ஓ.டி.பி அந்த எண்ணுக்குத்தான் வருகிறது. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் ரத்தாகி, குறைந்தது 90 நாள்கள் கழிந்த பிறகு வேறு ஒருவருக்கு வழங்கப்படலாம். அப்போது உங்கள் வங்கிக் குறுஞ்செய்தி முகம் தெரியாத ஒருவருக்குப் போய்ச் சேரும். அதனால், விடுவதற்கு முன்பு எந்த எண் எதில் இணைந்திருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிப் பார்த்துவிட வேண்டும்.

ஐந்து சிம்மின் விலை

2024 ஜூலை உயர்வுக்குப் பிறகு, ஏர்டெல்லில் 28 நாளுக்கான சிறிய பேக் 199 ரூபாய். 28 நாள் கணக்கில் ஓர் ஆண்டுக்கு 13 முறை ரீசார்ஜ் செய்ய வேண்டும். ஒரு சிம்முக்கு 2,587 ரூபாய். ஐந்து சிம்முக்கு 12,935 ரூபாய். பி.எம்.கிசான் திட்டத்தில் ஓர் ஆண்டுக்குக் கிடைப்பதே 6,000 ரூபாய்தான்.

பட்டன் போன் வைத்திருப்பவர், தொடாத டேட்டாவுக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறார் என்பதை டிராய் கவனத்தில் எடுத்துக்கொண்டது. பேசவும் குறுஞ்செய்தி அனுப்பவும் மட்டுமான பேக் ஒன்றையாவது ஒவ்வொரு நிறுவனமும் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. அதன்படி 2025 ஜனவரியில் ஏர்டெல் 84 நாளுக்கு 469 ரூபாய், 365 நாளுக்கு 1,849 ரூபாய் என்றும், ஜியோ 84 நாளுக்கு 448 ரூபாய், 336 நாளுக்கு 1,748 ரூபாய் என்றும் பேக்குகளை அறிவித்தன. விலை அவ்வப்போது மாறும். கடையில், ‘டேட்டா இல்லாத, பேச மட்டும் உள்ள பேக்’ என்று கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால், பெரும்பாலும் டேட்டா பேக்கைத்தான் போட்டுவிடுவார்கள்.

மூன்று பேர் உள்ள வீட்டில், இரண்டு பேருக்குப் பேச மட்டும் உள்ள ஆண்டு பேக் (3,698 ரூபாய்), ஒருவருக்கு 28 நாள் டேட்டா பேக் (2,587 ரூபாய்) என்று வைத்துக்கொண்டால், ஆண்டுச் செலவு 6,285 ரூபாய். ஐந்து சிம் கணக்கோடு ஒப்பிட்டால் 6,650 ரூபாய் மிச்சம்.

செய்ய வேண்டியவை

1. முதலில் சோதனை. வீடு, களம், தோட்டம் மூன்று இடங்களிலும் ஒவ்வொரு சிம்மையும் போட்டு, காலையிலும் இரவிலும் பேசிப் பாருங்கள். மழை நாளிலும் கரன்ட் இல்லாத நேரத்திலும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

2. எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றலாம். ஆதாரில் உள்ள எண் ஒரு நிறுவனத்தில், சிக்னல் கிடைப்பது இன்னொரு நிறுவனத்தில் என்றால், ‘போர்ட்’ செய்தால் போதும். தற்போதைய நிறுவனத்தில் அந்த எண் 90 நாள்களாவது இருந்திருக்க வேண்டும். மீதமுள்ள பேக்கும் பேலன்ஸும் கூட வராது என்பதால், பேக் முடியும் நேரத்தில் மாற்றுவது நல்லது.

3. விடப்போகும் எண்ணை வங்கி, ஆதார், காஸ் ஆகியவற்றிலிருந்து மாற்றிவிட்டு, பிறகு சிம்மை விடுங்கள். வங்கிக்கு நேரில் போய் எழுதிக் கொடுப்பதே பாதுகாப்பு.

4. உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதை, மத்திய அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் பார்க்கலாம். வாங்காத சிம் இருந்தால், அங்கேயே புகார் செய்து துண்டிக்கச் சொல்லலாம்.

5. வீட்டில் சிக்னல் இல்லாமல் ஃபைபர் இன்டர்நெட் மட்டும் இருந்தால், ‘வைஃபை காலிங்’ வசதியுள்ள போனில் அதன் வழியாகவே சாதாரண அழைப்புகளைப் பேசலாம்.

6. அவசரத்துக்கு 112. உங்கள் சிம்முக்கு சிக்னல் இல்லாவிட்டாலும், வேறு நிறுவன டவர் கிடைத்தால் இந்த அழைப்பு போகும். பயிர் சந்தேகத்துக்கு கிசான் கால் சென்டர் 1800-180-1551. கட்டணம் கிடையாது, பட்டன் போனே போதும்.

7. டவருக்கு மனு. ‘எங்கள் ஊராட்சிக்கு டவர் வேண்டும்’ என்று பொதுவாக எழுதினால், ‘ஏற்கெனவே வசதி இருக்கிறது’ என்று பதில் வரக்கூடும். எந்தச் சிற்றூரில், எத்தனை வீடுகளில், எந்த நிறுவனத்தின் சிக்னல் கிடைக்கவில்லை என்று பட்டியலிட்டு, கிராம சபையில் தீர்மானமாகப் போட்டு, மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள். விடுபட்ட கிராமங்களுக்கு 4ஜி தருவதற்காக, பி.எஸ்.என்.எல் மூலம் செயல்படுத்த 26,316 கோடி ரூபாய் திட்டத்துக்கு 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மனுவில் இதைக் குறிப்பிடலாம்.

“என் அம்மாவிடம் பழைய பட்டன் போன் இருக்கிறது. அதில் எல்லா நிறுவன சிம்மும் வேலை செய்யுமா?”

- வாசகி ஒருவர், அரியூர் நாடு, கொல்லிமலை.

செய்யாது. பழைய பட்டன் போன்கள் 2ஜி அலையில் இயங்குபவை. ஜியோவுக்கு 2ஜி சேவையே கிடையாது. அந்த சிம்முக்கு, 4ஜியில் பேசக்கூடிய பட்டன் போன் தேவை. மற்ற நிறுவனங்களின் சிம், உங்கள் பகுதி டவரில் 2ஜி இருந்தால் பழைய போனிலேயே பேசும். அம்மாவுக்குப் புதிய சிம் வாங்குவதற்கு முன்பு, பக்கத்து வீட்டில் அந்த நிறுவன சிம் வைத்திருப்பவரிடம் ஐந்து நிமிடம் வாங்கி, அம்மாவின் போனில் போட்டுப் பேசிப் பாருங்கள். பேசினால் வாங்கலாம்.