முற்றத்து மண்ணை மூடாதீர்கள்



நெல்லையில் புதுவீடு கட்டுகிறவர்கள் "பராமரிக்க ஆளில்லை" என்று முற்றம் முழுக்கப் பேவர் பிளாக் பதிக்கிறீர்கள். ஓரத்தில் கோனோகார்பஸ்! அதை நடவும் விற்கவும் 2025-இல் தமிழக அரசே தடை போட்டுவிட்டது.

சித்திரை வெயிலில் அந்தக் கல்லில் கால் வைக்க முடியுமா? ஐப்பசி மழையும் மண்ணில் இறங்காமல் தெருவுக்கு ஓடும். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த பிறகுமா இப்படி?

நந்தியாவட்டை, பவளமல்லி, அரளி வையுங்கள். வேர் பிடிக்கும்வரை தண்ணீர் ஊற்றினால் போதும். பிறகு கோடையில் மட்டும் கவனித்தால் சரி. முருங்கைக் கம்பை ஊன்றினாலே தளிர்க்கும். குளியலறைத் தண்ணீர் போகிற இடத்தில் வாழை.

"இலை உதிருது, யார் கூட்டுவது?" என்பீர்கள். கூட்டவே வேண்டாம், செடியடியில் தள்ளுங்கள். அதுதான் மூடாக்கு, ஈரத்தைக் காக்கும்.

கோலம் போட வாசலில் நாலடித் தரை போதும். மிச்சத்தை மண்ணாக விடுங்கள்.