முதல் செலவு தந்திக்கு

எலக்ட்ரிக் கிடாரை வீட்டிலேயே பதிவு செய்ய ஆசைப்படும் இளைஞர்கள் முதலில் கேட்பது, "எந்த ஆம்ப் வாங்கலாம்?" என்றுதான். ஆம்பே வேண்டாம் என்பேன். 1968-இல் பீட்டில்ஸ் 'ரெவல்யூஷன்' பாட்டுக்காக லண்டன் ஒலிக்கூடத்தில் கிடாரை நேரே மிக்ஸிங் கன்சோலில் செருகித்தான் அந்தக் கரகரப்பைப் பிடித்தார்கள். இன்று சிறிய ஆடியோ இன்டர்ஃபேஸும் இலவச மென்பொருளும் போதும். இன்டர்ஃபேஸில் கிடாருக்கான 'ஹை-இசட்' உள்ளீடு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சாதாரண லைன் உள்ளீட்டில் கிடாரின் கூர்மை மழுங்கிவிடும். 24 பிட்டில், உச்ச அளவு மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்கும்படி பதியுங்கள். ஸ்பீக்கர் பெட்டியின் குணத்தைத் தரும் 'இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்' கோப்பைச் சேர்க்க மறக்காதீர்கள். அது இல்லாத டிஸ்டார்ஷன் காதைக் குத்தும். கனம் வேண்டுமா? ஒரே பகுதியை இரண்டு முறை வாசித்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் வையுங்கள்; நகலெடுத்து ஒட்டினால் அந்த அகலம் வராது. மிச்சமாகும் பணத்தில் புதுத் தந்திகள் வாங்குங்கள். ஒவ்வொரு டேக்குக்கும் முன் சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள். நல்ல ஒலி விலைச்சீட்டில் இல்லை. விரலிலும் காதிலும் இருக்கிறது.