உடம்பெல்லாம் கொழுப்பு!

'என்னடா, கொழுப்பா?' என்று யாராவது கேட்டால் கோபப்படாதீர்கள். பட்டைவால் மூக்கனை நினைத்துக்கொண்டு, 'ஆமா சார், இன்னும் பத்தலை' என்று சொல்லுங்கள்.

மூக்கன், இங்கிலீஷில் காட்விட். நீண்ட அலகு, குச்சிக் கால், சேற்றில் புழு பொறுக்கும் பிழைப்பு. 2022 அக்டோபர் 13-ம் தேதி அலாஸ்காவிலிருந்து ஒரு மூக்கன் கிளம்பியது. பிறந்து ஐந்தே மாசம். பதினோரு நாள் கழித்து டாஸ்மேனியாவில் இறங்கியது. 13,560 கிலோமீட்டர்! நடுவில் 'வண்டி பத்து நிமிஷம் நிற்கும்' சமாசாரம் எதுவும் கிடையாது. கடலில் மிதந்து இளைப்பாறவும் தெரியாத ஜாதி. முதுகில் கட்டியிருந்த 5 கிராம் டிரான்ஸ்மிட்டர் காட்டிக் கொடுத்ததால்தான் நமக்கே தெரியும்.

சரி, பெட்ரோலுக்கு எங்கே போச்சு? பி.காம். படித்தவன் என்பதால் கணக்குப் பார்த்தேன். ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி, கொழுப்பில் 9. மாவுச்சத்தைச் சேமித்தால் கூடவே தண்ணீரையும் சுமக்கணும். கொழுப்புக்கு அந்த லக்கேஜ் சார்ஜ் கிடையாது. எரிந்தால் தண்ணீரும் தரும். போனஸ்!

1987 அக்டோபரில் அலாஸ்காவில் ஒரு ராடார் கூண்டில் மோதி இளம் மூக்கன்கள் சில செத்துப்போயின. பியர்ஸ்மா, கில் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அவற்றை அறுத்துப் பார்த்து 1998-ல் எழுதினார்கள். மொத்த எடையில் 55 சதவீதம் கொழுப்பு. குடல், இரைப்பை, ஈரல் எல்லாம் சுருங்கிக் கிடந்தன. வழியில் சாப்பாடே இல்லை, சமையல்கட்டு எதற்கு? ஓவர்ஹெட்ஸ் கட்!

இந்த வரவு செலவில் கையெழுத்துப் போடும் அதிகாரிகளில் ஒருவர் கார்ட்டிகோஸ்டிரோன். ஸ்ட்ரெஸ் ஹார்மோன். மானேஜர் கூப்பிட்டால் நமக்கு ஊறும் கார்ட்டிசாலுக்கு ஒன்றுவிட்ட தம்பி. வலசைக் காலத்தில் பல பறவைகளின் ரத்தத்தில் இது லேசாக ஏறும். லேசாக ஏறினால் பசிக்கும், இரை தேடச் சொல்லும், பறக்கும்போது கொழுப்பை எடுத்துச் செலவுக்குக் கொடுக்கும். எக்கச்சக்கமாக ஏறி அப்படியே நின்றுவிட்டால் தசையை உடைத்துச் சர்க்கரையாக்கும். பறவைக்குத் தசைதான் இன்ஜின். இன்ஜினைக் கழற்றி அடுப்பெரிக்கிற கதை!

செல்லுக்குள் இதற்கு இரண்டு வகைப் பூட்டு உண்டு. ஒன்று கொஞ்சம் ஹார்மோனுக்கே திறக்கும். மற்றது வெள்ளமாக வந்தால்தான் திறக்கும். ஒரே சாவி, அளவைப் பொறுத்து வேறு வேறு அறை.

இப்போது நம்ம ஆபீஸுக்கு வருவோம். மார்ச் மாசம், கணக்கு முடிக்கணும். டென்ஷன். நாள் கணக்கில் கார்ட்டிசால் இறங்காவிட்டால் நமக்கும் பசிக்கும். கேன்டீனில் பஜ்ஜி. தொப்பையில் டெபாசிட். மூக்கன் பாஸ்புக்கில் வரவும் உண்டு, பற்றும் உண்டு. நம்ம பாஸ்புக்கில் வரவு மட்டும்!

என் நண்பனுக்கு வயசு 34. போன மாசம் டாக்டர் 'சுகர்' என்று சொல்லிவிட்டார். அவன் சீட்டிலிருந்து கேன்டீன் நாற்பது அடி. ஒரு நாளில் அவன் போகிற நெடும்பயணம் அதுதான். பாவம், வீட்டில் இரண்டு வயசுக் குழந்தை.

ஆகவே, இந்த வாரம் யாராவது 'ரொம்ப டென்ஷன் சார்' என்று உங்களிடம் வந்தால் அட்வைஸ் பண்ணாதீர்கள். ஒரே ஒரு கேள்வி போதும்.

'எத்தனை கிலோமீட்டர்?'