கடலுள் ஆசிரியர் பெறும் பேறு

கற்பித்தலினும் சிறந்த தொண்டு வேறில்லை என்பது நம் நாட்டார் நெடுங்காலமாகக் கொண்ட கொள்கை. அத்தொண்டு கரும்பலகையின் முன்னரே நிகழ்தல் வேண்டும் என்னும் நியதி இல்லை. சுவாசக் கருவி பூண்டு கடலுள் மூழ்கும் பயிற்சியையும், கடல்வளத்தைக் காக்கும் அறிவையும் ஒருங்கே கற்பிக்கும் ஆசிரியர் பெறும் பேற்றினைப் பற்றி ஈண்டுச் சிறிது கூற விரும்புகின்றோம்.

மன்னார்க் குடாக்கடல் முத்துக்குப் பெயர் பெற்றது. அங்கே குளிப்போர் கல்லை மிதித்து, கயிற்றைத் துணைவன் கையிற் கொடுத்து, மூச்சை அடக்கி மூழ்கினர். 1961-ஆம் ஆண்டோடு தூத்துக்குடி முத்துச்சலாபம் ஓய்ந்தது. இதற்கு முன்னரே, 1943-இல், பிரான்சு தேசத்து ஜாக் கூஸ்தோவும் எமில் காஞானும் இயற்றிய கருவி புதியதொரு முறையை உலகிற்கு அளித்திருந்தது. பழைய குளிப்போனுக்கு மூச்சை அடக்குதலே வித்தை. புதியவனுக்கோ மூச்சை ஒருபோதும் அடக்காமையே முதற்பாடம். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பினும் இருமடங்காம். ஆங்குக் கருவியினின்று இழுத்த மூச்சை அடக்கியவாறே ஒருவன் மேலெழுவானாயின், அக்காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்தல் கூடும். பாயில் என்பாரின் விதியைத் தேர்வுக்காக மனனம் செய்த மாணாக்கன் அதனைத் தன் மார்பினுள்ளே உணர்கின்றான். இதனைக் காண்பது ஆசிரியர் பெறும் முதற்பயன்.

இரண்டாவது, நீருள் நாவிற்கு வேலை இல்லை. கையின் குறிப்பாலும் தம் ஒழுக்கத்தாலுமே ஆசிரியர் கற்பித்தல் வேண்டும். அவர் பதறினால் மாணாக்கனும் பதறுவான். அவர் அமைதியாயின் அவனும் அமைதியுறுவான். அச்சத்தால் விரிந்த கண்கள் சிறிது நேரத்தில் வியப்பால் விரிவதைக் கண்டவர்க்கு வேறு ஊதியம் வேண்டுவதில்லை.

மூன்றாவதே தலையாயது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே உள்ள இருபத்தொரு தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986-இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டன. ஆயினும் சுண்ணாம்பிற்காகப் பவளப்பாறைகளைப் பெயர்த்தமையால் இரண்டு தீவுகள் நீருள் மறைந்தன. கல் எடுத்த ஏழைகளை மட்டும் பழித்தல் முறையன்று. அச்சுண்ணாம்பின் பயனைத் துய்த்தவர் கரையிலிருந்த நாமே. 2010-இலும் 2016-இலும் கடல்நீர் வெப்பமுற, பவளங்கள் வெளிறின. கரையினின்று நோக்குவார்க்கோ கடல் என்றும்போல் நீலமாகவே தோன்றும். காணாத இழப்பிற்கு எவர் இரங்குவர்?

மூழ்குவோர் மிகுந்தால் பவளம் சிதையும் என்று சிலர் மறுக்கலாம். அது மெய்யே. பாறைபோல் வளரும் பவளங்களிற் பல ஆண்டிற்கு ஒரு சென்டிமீட்டரேனும் வளர்வதில்லை; ஓர் உதையில் அழிவதோ பல்லாண்டின் வளர்ச்சி. ஆதலின் தரையையும் பாறையையும் தீண்டாது மிதக்கும் பயிற்சி பெறாதவனைப் பவளத்தின் அருகே விடலாகாது. வித்தையும் காவலும் ஈண்டு ஒன்றே.

மற்றொன்றும் சொல்லுதும். இவ்வித்தை செல்வர்தம் பொழுதுபோக்காக முடியுமாயின் அதன் பயன் பாதியே. முத்தும் சங்கும் குளித்தோர் வழிவந்த இளைஞர்க்கே இது முதற்கண் உரியது. கடலின் போக்கும் காற்றின் குறியும் அவர் முன்னரே அறிந்தவை. கருவியும் உயிர்நூல் அறிவும் மட்டுமே நாம் தரவேண்டுவன. அவர் ஆவுளியா மேயும் கடற்புல்வெளியை அளந்து எழுதவும், நலிந்த பவளத்தைக் குறித்து வைக்கவும் கற்பாராயின், அக்கடலுக்கு அவரினும் சிறந்த காவலர் உளரோ?

நம் மாணாக்கருள் நீந்த வல்லோர் பலர். அவருட் சிலரேனும் இதனைக் கற்று, கற்றதனைக் கடற்கரைச் சிற்றூர்களுக்குக் கொண்டு செல்வாராக. கற்பித்தவன் கரையேறிய பின்னும் அவன் மாணாக்கன் கடலைக் காத்து நிற்பானாயின், அதுவே ஆசிரியன் பெறும் நன்முத்து.