உளுந்தைப் பார்த்து வாங்கும் நாம், ஷேரைப் பார்க்காமல் வாங்கலாமா?

கால் கிலோ உளுந்து வாங்கினால்கூட, கையில் அள்ளி, வண்டு இருக்கிறதா என்று பார்த்துத்தானே வாங்குகிறோம்? ஆனால் 2020 ஜனவரியில் நான் 40,000 ரூபாய்க்கு ஷேர் வாங்கிய கதையைக் கேளுங்கள். "அண்ணி, இது நிச்சயம் ஏறும்" என்றார் கொழுந்தனார். வாங்கிவிட்டேன், அவ்வளவுதான்!

அது மகளின் அடுத்த வருஷக் காலேஜ் ஃபீஸுக்காகச் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். மார்ச்சில் கொரோனா வந்தது. ஜனவரியில் 42,000 புள்ளியைத் தொட்ட சென்செக்ஸ், மார்ச் 23-ல் 26,000-க்கும் கீழே இறங்கிவிட்டது. என் 40,000 ரூபாயும் 24,000 ஆயிற்று. ஃபீஸ் கட்டும் நாள் வந்ததும் வேறு வழியில்லாமல் விற்றேன். மீதிக்கு வளையலை அடகு வைத்தோம். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

அதே வருஷம் நவம்பரில் சென்செக்ஸ் பழைய உயரத்தைத் தாண்டியது. என்ன பிரயோஜனம்? என் கையில்தான் ஷேர் இல்லையே!

சகோதரிகளே, அன்று நான் கற்ற முதல் பாடம் இது. தேதி குறித்த பணம் ஷேருக்குப் போகக் கூடாது. ஸ்கூல் ஃபீஸ், பிரசவச் செலவு, வீட்டு அட்வான்ஸ் எல்லாம் பாங்கிலோ போஸ்ட் ஆபீசிலோ இருக்கட்டும். ஐந்தாறு வருஷம் தொட வேண்டாத பணம் மட்டுமே இதற்கு.

பிறகு நிதானமாகக் கற்றுக்கொண்டேன். நீங்களும் இப்படிச் செய்து பாருங்களேன்:

* நம் வீட்டில் புழங்கும் சோப்பு, பிஸ்கட், பற்பசை தயாரிக்கும் கம்பெனிகளில் மூன்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். வாரம் ஒருமுறை ஷேர் விலையைக் குறியுங்கள். ஆறு மாதம் பைசா போட வேண்டாம். ஏற்ற இறக்கம் மனசுக்குப் பழகட்டும்.

* ஷேர் வாங்கினால் அந்தக் கம்பெனியில் நாமும் ஒரு சின்னப் பங்குதாரர். ஆகவே அதன் ஆண்டறிக்கையில் ஐந்து வருஷ விற்பனை, லாபம், கடன் மூன்றையும் பாருங்கள். வீட்டு வரவு செலவு தெரிந்த நமக்கு இது புரியாதா என்ன?

* ஷேர் வாங்க பான் கார்டு, பாங்க் கணக்கு, டீமேட் கணக்கு வேண்டும். செபியில் பதிவு செய்த புரோக்கரா என்று பாருங்கள். நாமினி பெயரை மறக்காதீர்கள்.

* தனித்தனிக் கம்பெனியாகத் தேர்ந்தெடுக்கத் தயக்கமா? நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் மாதம் 500 ரூபாய் போட்டால் 50 பெரிய கம்பெனிகளில் பணம் பிரிந்துவிடும். அதுவும் ஏறி இறங்கும்தான். ஆனால் ஒரே கம்பெனியை நம்பி இருக்க வேண்டியதில்லை.

* 'மாதம் 10 சதவீதம் நிச்சயம்' என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அழித்துவிடுங்கள். ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். 'ஆப்ஷன்' வியாபாரம் பக்கமே போகாதீர்கள். அதில் இறங்கிய தனிநபர்களில் 10-க்கு 9 பேர் நஷ்டப்பட்டதாகச் செபியின் ஆய்வே சொல்கிறது.

மகள் இப்போது வேலைக்குப் போகிறாள். முதல் சம்பளத்தன்று, "அம்மா, எந்த ஷேர் வாங்கலாம்?" என்றாள்.

"முதலில் ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு வா" என்றேன்.