தனியாகப் பறக்கும் பிள்ளையும் ஒரு கையெழுத்தும்



முழுப்பரீட்சை முடியும் நேரம் வந்துவிட்டால் எங்கள் ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். "லீவுக்குப் பிள்ளையை எங்கே விடுறது?"

இந்தப் பகுதி தெரியாதவர்களுக்குச் சின்னதாக ஒரு அறிமுகம். 1998ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்க ஆரம்பித்தது. 2010ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் வந்தது. அதற்குப் பிறகு டெய்ம்லர் லாரி, ராயல் என்ஃபீல்டு, இவற்றுக்கெல்லாம் பாகம் செய்து கொடுக்கும் கம்பெனிகள், போன் கம்பெனிகள் என்று வரிசையாக வந்தன. வேலைக்கு வந்தவர்களில் வெளியூர்க்காரர்கள் ஏராளம். தாத்தா பாட்டி மதுரையில், கோவையில், தூத்துக்குடியில், ஏன், புனேயில்கூட இருப்பார்கள். இங்கே அப்பா ஒரு ஷிஃப்ட், அம்மா ஒரு ஷிஃப்ட். லைன் ஓடிக்கொண்டிருக்கும்போது நாலு நாள் லீவு கேட்டால் சூப்பர்வைசர் முகம் எப்படி மாறும் என்று இந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குகிற விடுதியைத் திறந்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அந்தப் படுக்கை வேலைக்கு வருகிற பெண்ணுக்கு. அவளுக்கு ஒரு பிள்ளை இருந்தால் அது ஊரில் பாட்டியிடம்தான் வளரும். இங்கேயே குடும்பம் வைத்திருப்பவர்களுக்கும் ஏப்ரல், மே வந்தால் அதே பாட்டிதான் கதி. பாட்டி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லை என்பதுதான் பிரச்சினை.

அதற்கு இப்போது கொஞ்சம் வசதியானவர்கள் கண்டுபிடித்திருக்கும் வழி, பிள்ளையைத் தனியாக விமானத்தில் ஏற்றி விடுவது. இது சரியா தப்பா என்பதுதான் இன்றைய பதிவு. (காமர்ஸ் படிக்கிறவனுக்கு ஏன் இந்த வேலை என்கிறீர்களா? இருங்கள், காமர்ஸும் வருகிறது :-))

முதலில் இது என்ன ஏற்பாடு என்று பார்த்துவிடுவோம். 'அன்அகம்பனிட் மைனர்' என்று பெயர். பொதுவாக 5 வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளையைத் தனியாக ஏற்ற மாட்டார்கள். 5 வயதிலிருந்து சுமார் 12 வயது வரை இந்த ஏற்பாட்டில் அனுப்பலாம். டிக்கெட்டுக்கு மேல் தனிக் கட்டணம் உண்டு. ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் மூன்று விஷயங்கள் முக்கியம்: கொண்டு வந்து விடுபவர் யார், போய் இறங்கும் இடத்தில் அழைத்துக்கொள்பவர் யார், இருவரின் முகவரியும் போன் நம்பரும். பிள்ளையின் கழுத்தில் ஒரு அட்டையோ பையோ மாட்டி விடுவார்கள். ஊழியர் ஒருவர் விமானம் வரை கூட்டிப் போவார். அங்கே இறங்கியதும் இன்னொருவர் வெளியே கூட்டி வந்து, படிவத்தில் இருக்கிற பெயரும் வந்திருக்கிறவரின் அடையாள அட்டையும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைப்பார். அவ்வளவுதான் விஷயம்.

இது எங்கோ நடக்கிற கதை இல்லை. 2020 மே 25ஆம் தேதி, ஊரடங்குக்குப் பிறகு உள்நாட்டு விமானங்கள் மறுபடி ஓட ஆரம்பித்த முதல் நாள், ஒரு 5 வயதுப் பையன் டெல்லியிலிருந்து பெங்களூருக்குத் தனியாகப் பறந்து வந்தான். தாத்தா பாட்டி வீட்டுக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டவன். மூன்று மாதம் கழித்து விமான நிலையத்தில் அம்மாவைப் பார்த்தான். அந்தப் படம் பேப்பரில் வந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். அன்றைக்கு இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் அந்தப் பையன் இன்னும் எத்தனை நாள் காத்திருப்பானோ!

இதைக் கேட்டதும் நம் பெரியவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். "பெத்த மனசு கல்லா?" என்பது ஒரு கட்சி. "நாங்கெல்லாம் அந்தக் காலத்துல எட்டு வயசுல தனியா பஸ் ஏறி ஊருக்குப் போனவங்க, இதுல என்ன இருக்கு" என்பது இன்னொரு கட்சி.

இரண்டாவது கட்சி சொல்வதில் உண்மை இருக்கிறது. நம் ஊரில் பிள்ளையைத் தனியாக அனுப்புவது புதுசு இல்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்து, "கண்டக்டர் அண்ணே, திருமங்கலத்துல இவங்க தாத்தா நிப்பாரு, பாத்து இறக்கி விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கி விடுவார்கள். கண்டக்டரும் இறக்கி விடுவார். பக்கத்து சீட் அம்மா முறுக்கு கொடுப்பார். நல்ல மனிதர்களால்தான் அது நடந்தது, மறுக்கவில்லை.

ஆனால் அதில் ஒன்று மட்டும் இல்லை. ஏதாவது தப்பு நடந்தால் 'யார் பொறுப்பு' என்று கேட்க ஒரு பெயர் இல்லை. கண்டக்டர் நல்ல மனசோடு ஒத்துக்கொண்டார், அவ்வளவுதான். பாதி வழியில் பஸ் பழுதாகி எல்லோரையும் வேறு பஸ்ஸுக்கு மாற்றி விட்டால் அந்தச் சொல் அங்கேயே நின்றுவிடும். விமானத்தில் நாம் காசு கொடுத்து வாங்குவது அன்பை இல்லை, அந்தப் பெயரை. இந்த நிமிடம் பிள்ளை யார் கையில் இருக்கிறது என்று ஒரு காகிதத்தில் இருக்கும். அதனால் என் கருத்து: பிள்ளையைத் தனியாக அனுப்புவது தப்பில்லை, கட்டணமும் அநியாயமில்லை. ஆனால் கையெழுத்துப் போட்டதோடு நம் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் தப்பு.

இப்போது காமர்ஸ்! பிசினஸ் லா பேப்பரில் எங்களுக்கு 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம் உண்டு. மைனர் செய்கிற ஒப்பந்தம் செல்லாது என்று 1903ல் மோகிரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் சொன்னதை மனப்பாடம் செய்யாத பி.காம் மாணவன் கிடையாது. அதனால்தான் பறப்பது பிள்ளை என்றாலும் படிவத்தில் கையெழுத்துப் போடுவது பெற்றவர்கள். அதே சட்டத்தில் 148ஆம் பிரிவிலிருந்து 'பெயில்மென்ட்' வரும். நம் பொருளை ஒருவரிடம் ஒப்படைத்தால், சாதாரண விவேகமுள்ள மனிதன் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வானோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 151ஆம் பிரிவு. அது பொருளுக்கு. பிள்ளை பொருள் இல்லை, பெயில்மென்ட் ஆகாது. ஆனால் அந்தப் படிவத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள், கூரியர் ரசீது மாதிரியேதான் இருக்கும். அனுப்புபவர், பெறுபவர், பெறுபவர் வராவிட்டால் அனுப்புபவர் செலவில் திருப்பி அனுப்பப்படும்! படிவம் முக்கியமாகக் காப்பாற்றுவது கம்பெனியை. அதில் தப்பொன்றும் இல்லை, கம்பெனி அப்படித்தான் எழுதும். பிள்ளை பக்கத்திலிருந்து யோசிக்க வேண்டியவர்கள் நாம்.

போன வருடம் என் அக்கா மகளை இப்படி அனுப்பினார்கள். எட்டு வயது. அக்காவும் அத்தானும் ஆளுக்கொரு ஆலை. மதுரையில் இருக்கிற எங்கள் அப்பாவுக்கு முட்டி வலி, ராத்திரி ரயிலில் வந்து போக முடியாது. எனக்கு செமஸ்டர். கஸ்டமர் கேரில் போனில் சொன்னது ஒன்று, கவுன்டரில் கேட்டது ஒன்று. தாத்தாவின் அடையாள அட்டை நகல் வேண்டும் என்று அங்கே போன பிறகுதான் சொன்னார்கள். அப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பி ஒருவழியாகச் சமாளித்தோம். அதெல்லாம் பெரிசில்லை. வரிசையில் நிற்கும்போது அவள் கேட்டதுதான் பெரிசு. "மாமா, அங்க தாத்தா வரலைன்னா நான் என்ன பண்ணணும்?"

படிவத்தில் அதற்குப் பதில் இருக்கிறது, பெற்றவர்களுக்கான பதில். எட்டு வயதுப் பிள்ளைக்கான பதில் அதில் இல்லை. அத்தான் அவள் உயரத்துக்குக் குனிந்து, "தாத்தா வர்ற வரைக்கும் யூனிஃபார்ம் போட்ட அக்கா பக்கத்துலயே இரு. வேற யாரு வந்து 'தாத்தா அனுப்பினாரு'ன்னு சொன்னாலும் போகாத. அந்த அக்காகிட்ட அப்பா நம்பரைச் சொல்லு" என்றார். நம்பரை மூன்று தடவை சொல்ல வைத்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்காத பிள்ளைகளும் உண்டு. மனசுக்குள் வைத்துக்கொண்டு பறப்பார்கள். நாமாகவே சொல்ல வேண்டும்.

கையெழுத்துச் சங்கிலி எங்கே அறும் என்பதற்கு உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. 2023 டிசம்பரில், கிறிஸ்துமஸ் நேரத்தில், பிலடெல்பியாவிலிருந்து ஃபோர்ட் மையர்ஸ் போக வேண்டிய ஒரு 6 வயதுப் பையனை ஸ்பிரிட் ஏர்லைன்ஸ் தவறுதலாக ஆர்லாண்டோ விமானத்தில் ஏற்றி விட்டது. பாட்டி ஃபோர்ட் மையர்ஸில் காத்திருக்கிறார். பையனின் பெட்டி சரியாக வந்து சேர்ந்துவிட்டது, பையன் வரவில்லை! இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 250 கிலோமீட்டர். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை, கம்பெனி மன்னிப்புக் கேட்டது. ஆனால் பெட்டி போய்ச் சேர்ந்ததை யோசியுங்கள். பெட்டியில் பார்கோடு ஒட்டியிருந்தது, ஒவ்வொரு இடத்திலும் அதை ஸ்கேன் செய்தார்கள். பையன் விஷயத்தில் ஏற்றி விடும் இடத்தில் ஒருவர் சரிபார்க்காமல் விட்டார், அவ்வளவுதான். எங்கள் ஒரகடத்தில் ஒரு பம்பர் எந்த லாரியில் வந்தது, எந்தக் காரில் ஏறியது என்று கம்ப்யூட்டரைத் தட்டினால் தெரியும். பிள்ளைக்கு அதைவிடக் குறைவாகச் செய்யலாமா?

அதனால் இரண்டு பக்கமும் எனக்குக் கேட்க வேண்டியது இருக்கிறது.

முதலில் அரசாங்கப் பக்கம். வயது வரம்பு, கட்டணம், படிவம் எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவின் பெரிய கம்பெனிகள் சில 14 வயது வரை இந்த ஏற்பாட்டைக் கட்டாயம் என்கின்றன, ஒரு வழிக்கு 150 டாலர். வளைகுடாவின் எமிரேட்ஸ் 11 வயதோடு நிறுத்திக்கொள்கிறது. நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஏப்ரலில் ஒரு நல்ல உத்தரவு போட்டது: 12 வயது வரையுள்ள பிள்ளைக்கு, கூட வரும் பெற்றோரில் ஒருவர் பக்கத்திலாவது இடம் தர வேண்டும் என்று. பெற்றோரோடு போகிற பிள்ளைக்கே எல்லாக் கம்பெனிக்கும் சேர்த்து ஒரு விதி போட முடிகிறது. பெற்றோர் இல்லாமல் போகிற பிள்ளைக்கு ஒரே வயது வரம்பு, ஒரே படிவம், டிக்கெட் போடும்போதே கண்ணில் படுகிற கட்டணம் என்று கொண்டு வருவது அப்படியொன்றும் கஷ்டமில்லை.

அடுத்தது நம் பக்கம். அனுப்பப் போகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்தவரை:

1. நேராகப் போகிற விமானமாகப் பாருங்கள். நடுவில் மாறுகிற பயணம் வேண்டவே வேண்டாம், பல கம்பெனிகள் அதை ஏற்றுக்கொள்வதும் இல்லை.

2. அன்றைய கடைசி விமானம் வேண்டாம். ரத்தானால் பிள்ளை ராத்திரி எங்கே இருக்கும்? மழைக்காலத்தையும் தவிருங்கள். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வெள்ளத்தில் மீனம்பாக்கம் விமான நிலையத்தையே மூட வேண்டி வந்தது.

3. ஆன்லைனில் டிக்கெட் போட்டால் மட்டும் போதாது. கம்பெனியிடம் பேசி, இந்த ஏற்பாடு பதிவாகியிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளையின் ஆதார் அல்லது பள்ளி அட்டை, அழைத்துக்கொள்பவரின் அடையாள அட்டை நகல் எல்லாம் கையோடு இருக்கட்டும்.

4. விமானம் கிளம்பும் வரை விமான நிலையத்தை விட்டு நகராதீர்கள். ஷிஃப்டுக்கு நேரமாகிறது என்று ஓடினால் இத்தனையும் வீண்.

5. கட்டணத்தை மிச்சம் பிடிக்க வயதைக் கூட்டிச் சொல்வது, முன்பின் தெரியாத பயணியிடம் "கொஞ்சம் பாத்துக்கோங்க சார்" என்பது இரண்டும் கூடாது. இரண்டாவது வழியில் போனால் நீங்கள் பழைய பஸ்ஸிலேயே ஏறிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

6. முக்கியமாக, பிள்ளையிடம் கேளுங்கள். போக முடியாது என்று அழுகிற பிள்ளையை எந்தப் படிவமும் சமாதானப்படுத்தாது.

இதையெல்லாம் எழுதும்போதே ஒன்று உறுத்துகிறது. இந்தக் கையெழுத்து, இந்தப் பெயர், எல்லாம் விமான டிக்கெட் வாங்க முடிந்தவனின் பிள்ளைக்குத்தான். அதே ஆலையில் கான்ட்ராக்டில் வேலை செய்பவரின் பிள்ளை இன்னும் "அண்ணே, பாத்துக்கோங்க" என்ற ஒரு வார்த்தையை நம்பித்தான் ராத்திரி பஸ்ஸில் ஏறுகிறது. விரைவுப் பேருந்தில் அதே மாதிரி ஒரு சின்னப் படிவம் வைத்தால் என்ன? ஏற்றி விடுபவர் பெயர், இறக்கிக்கொள்பவர் பெயர், கண்டக்டர் கையெழுத்து, ஐம்பது ரூபாய் கட்டணம். அரை டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற கைக்கு இன்னொரு தாளில் கையெழுத்து வாங்குவது பெரிய வேலையா? கண்டக்டருக்கும் அதில் ஒரு பங்கு கொடுத்தால் தப்பே இல்லை.

விமானத்தில் போகிற பிள்ளைக்கு இருக்கிற பயம்தான் பஸ்ஸில் போகிற பிள்ளைக்கும் இருக்கும். அங்கே தாத்தா வராவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி பதில் இருக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

உங்கள் வீட்டில் யாராவது இப்படி அனுப்பியிருந்தால், அல்லது சின்ன வயதில் நீங்களே தனியாகப் போயிருந்தால், பின்னூட்டத்தில் எழுதுங்கள். பஸ் படிவம் நடக்காத காரியம் என்று நினைப்பவர்களும் ஏன் என்று சொல்லலாம், சண்டைக்கு நான் தயார் :-)